‘பவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் ஜெர்மன் நிகரன்களும்: தமிழ்வழி ஒரு மதிப்பீடு

ஆங்கிலத்தில் ‘பவர்’ என வழங்கும் சொல்லுக்குப் பொருள் பல என்பது அகராதி நோக்கும் எவரும் அறிந்ததே. ஆயின், ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்னும் வினாவிற்கு ஆங்கிலத்திற்குள்ளேயே நின்று விடை காண்பது அரிது. ஆங்கிலம் பேசுவோர்க்கு அது ஒரே சொல். அமைச்சரின் அதிகாரமும், மின்கம்பியில் வருவதும், மூக்குக் கண்ணாடியின் அளவும், கணக்கில் ஓர் எண்ணின் தலைமேல் எழுதப்படும் சிற்றெண்ணும் அவர்களுக்கு ஒரு பெயரில் அடங்கிவிடுகின்றன. பிறிதொரு மொழிக்குள் அதனைக் கொண்டுசெல்லும்போதுதான் அச்சொல்லின் உட்பிளவுகள் வெளிப்படுகின்றன. ஜெர்மன் மொழி இதற்கேற்ற உரைகல்லாகும். ஆங்கிலத்திற்கு மிக நெருங்கிய உறவுடையதாயினும், இச்சொல்லுக்கு நேரான ஒற்றைச் சொல் அதனிடம் இல்லை. அம்மொழி செய்துகொண்ட பாகுபாடுகளைத் தமிழ் செய்துகொண்டவற்றோடு வைத்துக் காணும்போது, நம் கலைச்சொல் தொகுதிகள் எங்கே நன்றாகச் செய்துள்ளன, எங்கே இடறியுள்ளன என்பது தெளிவாகும்.

மைசூருவிற்கு அருகிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்ளலாம். சிவசமுத்திரத்தில் 1902-இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. மின்கருவிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தந்தது. நீர்ச்சுழலிகள் ஜெர்மன் பேசும் சூரிச் நகரத்து எஷர் வீஸ் நிறுவனத்தினுடையவை. இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் இவ்வாறு சொல்ல இயலும்: ஆற்றுநீரைப் பயன்படுத்தும் ‘பவர்’ பெற்றிருந்த மைசூர் அரசு, நீரின் ‘பவரைக்’ கொண்டு, இத்தனை குதிரைப் ‘பவர்’ உடைய ஒரு ‘பவர்’ நிலையத்தை அமைத்துத் தங்கவயலுக்குப் ‘பவர்’ அனுப்பியது. ஆங்கிலச் செவிக்கு இது சற்று அலுப்பூட்டும், ஆனால் பிழையன்று.

இதனை ஜெர்மனில் எழுதுபவர் முதலாவதற்குப் ‘பெஃபூக்னிஸ்’ என்பார்; இது சட்டம் ஒருவருக்கு அளிக்கும் உரிமை வரம்பு. இரண்டாவது ‘வாஸர்கிராஃப்ட்’. மூன்றாவது ‘ஃபேர்டெஷ்டேர்க்கெ’. நான்காவது ‘கிராஃப்ட்வெர்க்’. ஐந்தாவது ‘ஷ்ட்ரோம்’. ஐந்து இடங்களில் நான்கு வெவ்வேறு அடிச்சொற்கள். ஆங்கில–ஜெர்மன் அகராதியைப் புரட்டினால் முன்னணியில் நிற்கும் ‘மாஹ்ட்’ இவற்றுள் ஒன்றுகூட இல்லை. இயற்பியலில் ‘பவர்’ என்பதற்கு இன்று உரிய சொல்லாகிய ‘லைஸ்டுங்’கும் இல்லை. அகராதி தந்த முதல் நிகரனை எடுத்துக்கொண்டவர் ஐந்து இடத்திலும் தவறியிருப்பார்.

தமிழில் அதே வாக்கியம் உரிமை, நீராற்றல், குதிரைத்திறன், மின்நிலையம், மின்சாரம் என அமையும். ஜெர்மன் செய்ததைப் போன்றே தமிழும் பிரித்துக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘பவர் நிலையம்’ என்பதிலுள்ள ‘பவரை’த் தமிழ் மொழிபெயர்க்கவே இல்லை; ‘மின்’ என்னும் அடையே போதுமென விட்டுவிட்டது. நிகரன் இன்மையும் ஒருவகை நிகரனே என்பதைக் கலைச்சொல் தொகுப்போர் பெரிதும் நினைவில் கொள்வதில்லை.

கடைசிச் சொல் இன்னும் சுவையானது. வீட்டில் விளக்கு அணைந்தால் ஆங்கிலேயர் ‘பவர்’ போயிற்று என்பர். ஜெர்மானியர் ‘ஷ்ட்ரோம்’ போயிற்று என்பர். ஓட்டம், பெருக்கு என்பது அதன் அடிப்பொருள். தமிழ்நாட்டில் எளிய மக்கள் ‘கரண்ட்’ போச்சு என்கின்றனர். ‘கரண்ட்’ ஆங்கிலக் கடன்சொல்லாயினும், அதனை இவ்விடத்தில் ஆளும் முறை ஆங்கிலத்தினுடையதன்று. ஆங்கிலம் ஆற்றலின் பெயரால் சுட்டுவதைத் தமிழ்ப் பேச்சும் ஜெர்மனும் ஓட்டத்தின் பெயரால் சுட்டுகின்றன. ‘கரண்ட் பில்’ என்னும் கொச்சைத் தொடரை ஜெர்மனாக்குவது, ‘மின்கட்டணப் பட்டியல்’ என்னும் செந்தமிழ்த் தொடரை ஜெர்மனாக்குவதைவிட எளிது.

கிராஃப்டும் லைஸ்டுங்கும்

ஜெர்மன் மொழி இயல்பிலேயே துல்லியமானது, ஆங்கிலம் குழப்பமானது என்று இதிலிருந்து முடிவுசெய்வோர் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847-இல் பெர்லின் இயற்பியல் கழகத்தில் படித்த புகழ்பெற்ற ஆய்வுரையின் தலைப்பு ‘கிராஃப்ட்டின்’ அழியாமை பற்றியது. இன்றைய இயற்பியலில் ‘கிராஃப்ட்’ என்பது விசை. ஆயின் விசை அழியாமல் காக்கப்படுகிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லவில்லை. அவர் பேசியது இன்று ‘எனெர்கீ’ என்று ஜெர்மனில் வழங்குகின்ற ஆற்றலைப் பற்றி. அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு முன் ராபர்ட் மேயர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் இதே சொல்தான். அக்காலத்து ஜெர்மனில் விசையும் ஆற்றலும் ‘கிராஃப்ட்’ என்னும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஹெல்ம்ஹோல்ட்ஸின் கட்டுரையை 1853-இல் ஆங்கிலப்படுத்திய ஜான் டிண்டல், சொல்லுக்குச் சொல் வைத்து அதனை ‘ஃபோர்ஸின்’ அழியாமை ஆக்கினார். அதே ஆண்டில்தான் ராங்கின் ‘எனர்ஜி’ என்னும் சொல்லை வைத்து இக்கோட்பாட்டினை எழுதினார். மூலத்தின் பல்பொருண்மையை அப்படியே பேணிய மொழிபெயர்ப்பு மூலத்திற்கு உண்மையாக இருந்தது. அறிவியலுக்கு உதவியதா என்பது வேறு வினா. 1857-இல் மைக்கேல் ஃபாரடே அதே ‘ஃபோர்ஸின்’ அழியாமை பற்றிச் சொற்பொழிவாற்றியபோது புவியீர்ப்பு விசை தொலைவோடு குறைவதைக் கண்டு எழுப்பிய ஐயங்களில், பொருளின் சிக்கல் பாதி, சொல்லின் சிக்கல் பாதி எனலாம்.

ஆகவே ‘கிராஃப்ட்’, ‘எனெர்கீ’, ‘லைஸ்டுங்’ என்னும் மூவகைப் பிரிவு ஜெர்மன் மொழியின் பிறவிக்குணமன்று. துறையறிஞர்கள் வேண்டி உண்டாக்கிக்கொண்ட ஒழுங்கு. அவ்வொழுங்கு எட்டாத மூலைகளில் பழைய குழப்பம் இன்றும் தங்கியிருக்கிறது. ‘கிராஃப்ட்வெர்க்’ விசையை உண்டாக்குவதில்லை. வில்லையின் ‘பவர்’ ஜெர்மனில் ‘பிரெஹ்கிராஃப்ட்’ எனப்படுகிறது. அது விசையே அன்று. ‘ஃபேர்டெஷ்டேர்க்கெ’ என்பதன் இறுதி உறுப்பிற்கு வலிமை என்பதே நேர்ப்பொருள், அளவோ ‘லைஸ்டுங்’கினுடையது. அறிவியல் திருத்திய சொல்லை வழக்கு திரும்பவும் திருத்திவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பின்பற்ற வேண்டுவது வழக்கையே; தருக்கத்தை அன்று.

‘லைஸ்டுங்’ என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. செய்துமுடித்தல், நிறைவேற்றல் என்னும் வினையடியாகப் பிறந்த அது, மாணவரின் தேர்ச்சி, தொழிலாளரின் செயல்திறம், காப்பீட்டு நிறுவனம் தரும் பயன் ஆகியவற்றையும் குறிக்கும். ஆங்கில ‘பவர்’ செய்ய இயலும் தன்மையைக் காட்டுகிறது. ஜெர்மன் ‘லைஸ்டுங்’ செய்துகாட்டியதைக் காட்டுகிறது. இயற்பியலில் வேலை நடைபெறும் வீதமே இவ்வளவு என்பதால், ஜெர்மன் சொல்லே பொருளுக்கு அணித்தானது என்று தோன்றுகிறது.

தமிழின் இரு மரபுகள்

இவ்விடத்தில் தமிழ் ஒன்றல்ல, இரண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விசை, ஆற்றல், திறன் என்பவை முறையே ‘ஃபோர்ஸ்’, ‘எனர்ஜி’, ‘பவர்’ ஆகியவற்றைக் குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் அவை விசை, சக்தி, வலு. முதற்சொல் மட்டுமே பொது. யாழ்ப்பாணத்து மாணவர் ‘வலு’ என்று எழுதியதைத் தஞ்சாவூர் ஆசிரியர் பொதுவான வலிமை என்று கொள்ளக்கூடும். தஞ்சாவூர் மாணவரின் ‘திறன்’ யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு ஒருவரின் கைவன்மையாகத் தோன்றலாம். குதிரைத்திறன் அங்கே பரிவலு.

இவ்விரு மரபுகளும் சொல்லில் மட்டும் வேறுபடவில்லை. ஆங்கிலச் சொல்லைப் பிளக்கும் முறையிலும் வேறுபடுகின்றன என்பதே மொழியியலார்க்கு முதன்மையான செய்தி. இலங்கை மரபில் கணிதத்தின் ‘பவரும்’ வலுவே. இயற்பியல், கணிதம், ஒளியியல் மூன்றிலும் ஆங்கிலத்தில் ஒரு சொல் வருவதுபோலவே தமிழிலும் ஒரு சொல் வருகிறது. மூலத்தின் பல்பொருண்மை நிகரனுக்குள் அப்படியே ஏற்றப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிலோ இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. ஜெர்மனும் அவ்வாறே ‘லைஸ்டுங்’, ‘பொடென்ட்ஸ்’ எனப் பிரிக்கிறது. இலங்கைத் தமிழ் ஆங்கிலத்தின் வழியிலும், தமிழ்நாட்டுத் தமிழ் தன்னையறியாமல் ஜெர்மனின் வழியிலும் சென்றிருக்கின்றன. ‘அடுக்கு’ என்பது கணிதச் செயலைக் கண்முன் நிறுத்தும் சொல். ஒரே எண் மேன்மேலும் அடுக்கிப் பெருக்கப்படுவதை அது காட்டுகிறது. ‘பொடென்ட்ஸ்’ என்னும் இலத்தீன்வழிச் சொல்லிலோ ‘வலு’விலோ அக்காட்சி இல்லை. இந்த ஓர் இடத்தில் தமிழ்நாட்டு மரபு மற்ற மூன்றையும்விட மேம்பட்டது எனத் துணியலாம்.

ஆனால் ‘திறன்’ பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. வேலை நடைபெறும் வீதத்திற்கு அச்சொல்லை ஒதுக்கியவர்கள், அதனை அங்கே காவல்வைத்துக் காக்கவில்லை. ‘எஃபிஷியன்சி’ என்பதற்குப் பயனுறு திறன் என்றனர். ‘கெப்பாசிட்டன்ஸ்’ என்பதற்கு மின்தேக்குத்திறன் என்றனர். முன்னது ஒரு விகிதம், அலகற்றது. பின்னதன் அலகு ஃபாரட். திறனின் அலகு வாட். மூன்றும் ஒரே பாடநூலில் வரும்போது, ‘பயனுறு திறன்’ என்பதைப் பயன்படும் அளவிலான வாட் என்று மாணவர் எண்ணுவாராயின் குறை அவருடையதன்று. தமிழின் சொல்லாக்க முறையில் அடைமொழி ஏற்ற சொல் தலைச்சொல்லின் ஒரு வகையையே குறிக்கும். நல்லபாம்பு பாம்பில் ஒரு வகை என்பதைப் போலப் பயனுறு திறனும் திறனில் ஒரு வகையாதல் வேண்டும். ஜெர்மன் இவ்விடத்தில் எச்சரிக்கையாக நடந்துகொண்டது. ‘எஃபிஷியன்சி’ அங்கே ‘விர்க்குங்ஸ்கிராட்’, அதாவது விளைவின் படிநிலை. ‘லைஸ்டுங்’ அதனுள் நுழையவில்லை. இலங்கை மரபிலும் ‘எஃபிஷியன்சி’ வினைத்திறன் என வழங்கினாலும், அங்கே ‘பவர்’ வலுவாதலால் மோதல் எழவில்லை. சொல் தனித்து நின்று தகுதியோ தகுதியின்மையோ பெறுவதில்லை. பக்கத்து இருக்கைகளில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே பெறுகிறது.

வடசொற்களை எடுத்துக்கொண்டால் இந்திய மொழிகளுக்கிடையே சொல்லொருமை எளிதில் வாய்க்கும் என்னும் நம்பிக்கை நீண்டகாலமாக உள்ளது. 1961-இல் மைய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் பணிகளுக்குப் பின்னேயும் அந்நம்பிக்கை இருந்தது. ‘சக்தி’ என்னும் சொல் அதற்கு நல்ல மறுப்பு. இந்திப் பாடநூல்களில் சக்தி என்பது ‘பவர்’. ‘எனர்ஜி’ அங்கே ஊர்ஜா. கன்னடத்தில் சக்தி என்பது ‘எனர்ஜி’. ‘பவர்’ என்பதற்குச் சாமர்த்தியம். இலங்கைத் தமிழிலும் சக்தி ‘எனர்ஜி’யே. மைசூருவில் கன்னட இயற்பியல் நூலையும் இந்தி இயற்பியல் நூலையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஒருவர், ஒரே எழுத்தொலியில் அமைந்த ஒரே சொல் இரு வேறு அளவுகளைக் குறிப்பதைக் காண்பார். பொதுச்சொல் பொதுப்பொருளைத் தந்துவிடவில்லை. பொதுப்பொருள் இருப்பதான மயக்கத்தையே தந்தது. (கன்னடத்தின் ‘சாமர்த்தியம்’ தமிழ் வாசகரை முறுவலிக்கச் செய்யும், மின்னோடிக்குச் சாமர்த்தியம் இருப்பதாகத் தமிழில் சொன்னால் அது விற்பனையாளரின் பேச்சாகிவிடும்.)

அதிகாரம்

இயற்பியலில் தவறான நிகரன் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆட்சித்துறையிலும் சட்டத்திலும் அது அதனினும் பெரியவற்றைக் குறைக்கவல்லது.

ஆங்கில விவிலியத்தின் 1611-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பவர்’ என்னும் சொல் கிரேக்கத்தின் இரு வேறு சொற்களுக்கு நிகரனாகப் பல இடங்களில் வருகிறது. ஒன்று ‘தூனமிஸ்’, செயலாற்றும் வலிமை. மற்றொன்று ‘எக்ஸூசியா’, செயலாற்றுவதற்கான உரிமை. மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்து இறைவேண்டலின் இறுதியில் வருவது முன்னது. அதே நூலின் 28-ஆம் அதிகாரத்து முடிவில் வருவது பின்னது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘பவர்’. லூத்தரின் ஜெர்மன் முன்னதைக் ‘கிராஃப்ட்’ என்றும் பின்னதைக் ‘கெவால்ட்’ என்றும் பிரித்தது. நெடுங்காலமாகப் பெருவழக்கிலுள்ள தமிழ் விவிலியத்தில் முன்னது வல்லமை, பின்னது அதிகாரம். தமிழ் விவிலிய மரபின் தொடக்கத்தில் நின்ற சீகன்பால்கும் ஃபப்ரீசியுசும் ஜெர்மானியர். மூலமொழிகளை நோக்கி உழைத்தவர். ஆங்கிலத்தின் ஒருமைக்குள் அகப்படாமல் தமிழ் தப்பியதற்கு இப்பின்னணியும் ஒரு காரணம் எனலாம். தரங்கம்பாடியில் அச்சேறத் தொடங்கிய மொழிபெயர்ப்பு ஆங்கிலவழி வந்திருக்குமாயின், வல்லமையும் அதிகாரமும் ஒன்றாகிப் போயிருக்கக் கூடும்.

‘கெவால்ட்’ என்னும் ஜெர்மன் சொல்லோ தானும் இருமுகம் கொண்டது. அரசின் முறையான அதிகாரமும் அது. அடிதடியும் வன்முறையும் அது. 1949-ஆம் ஆண்டு ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மக்களிடமிருந்து பிறப்பதாகக் கூறும் ‘ஷ்டாட்ஸ்கெவால்ட்’ வன்முறையன்று, அரசதிகாரம். சட்டமியற்றல், நிருவாகம், நீதி என்னும் மூன்றன் பிரிவினையும் ‘கெவால்டன்டைலுங்’ எனப்படும். வால்டர் பென்யமின் 1921-இல் ‘கெவால்ட்’ பற்றி எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில் வன்முறை பற்றிய கட்டுரையாகிவிட்டது. மூலத்தில் சட்டமும் வன்முறையும் ஒரு சொல்லில் பிணைந்து கிடப்பதே கட்டுரையின் உயிர்நாடி; ஆங்கிலத் தலைப்பில் அதில் பாதி ஒழிந்தது. ஆங்கில வழியாக அதனைத் தமிழாக்குபவர் ‘வன்முறை’ என்று எழுதும்போது அந்தப் பாதியும் கைக்கு வாராது.

இதன் மறுதலையான நிகழ்வு ஹன்னா அரெண்டினுடையது. ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் வன்முறை பற்றிய தம் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1970-இல் நூலாயிற்று. அதே ஆண்டில் வந்த ஜெர்மன் பதிப்பின் தலைப்பு ‘மாஹ்ட் உண்ட் கெவால்ட்’. ஆங்கிலத் தலைப்பில் இல்லாத ‘மாஹ்ட்’ முன்னே வந்து நின்றது. ‘பவர்’ என்பதும் வன்முறை என்பதும் ஒன்றற்கொன்று எதிரானவை, ஒன்று முழுமையாக ஆளும் இடத்தில் மற்றது இராது என்பது நூலின் வாதம். ஆங்கிலத் தலைப்பில் வன்முறை என்று மட்டும் சொன்னால் போதும். ஜெர்மனில் ‘கெவால்ட்’ தனியே நின்றால் அரசதிகாரத்தின் நிழல் அதன்மேல் விழும். எதிரே ‘மாஹ்ட்’ நின்றால்தான் அது வன்முறையெனத் தெளியும். இங்கே தலைப்பு மொழிபெயர்க்கப்பட்டது என்பதைவிட, பொருள் காக்கப்பட்டது என்பதே பொருந்தும். தம் நூலில் அரெண்ட் ‘பவர்’, ‘ஸ்ட்ரெங்த்’, ‘ஃபோர்ஸ்’, ‘அத்தாரிட்டி’, ‘வயலன்ஸ்’ என ஐந்தைப் பிரித்துக் காட்டினார். ஜெர்மனில் அவை ‘மாஹ்ட்’, ‘ஷ்டேர்க்கெ’, ‘கிராஃப்ட்’, ‘ஆட்டோரிடேட்’, ‘கெவால்ட்’. தமிழில் அதிகாரமும் வன்முறையும் தாமாகவே விலகி நிற்பதால் அரெண்டின் முடிவைச் சொல்வது எளிது. அவர் ஏன் அதற்காக இத்தனை பக்கம் வாதாட நேர்ந்தது என்பதைத் தமிழ் வாசகர்க்கு உணர்த்துவதுதான் கடினம். தவிர, ‘அத்தாரிட்டி’க்கும் தமிழ் அதிகாரத்தையே தருமாயின் ஐந்து நான்காகச் சுருங்கும்.

தமிழின் ‘அதிகாரம்’ மேலும் ஒரு வகையில் மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்கிறது. இலக்கணத்திலும் காப்பியப் பெயரிலும் திருக்குறளின் 133 பிரிவுகளிலும் அது வேறு பொருளில் ஆட்சி பெற்ற சொல். மேலே விவிலியத்தின் இயல்களைச் சுட்ட வந்ததும் அதுவே. இப்பழைய வழக்குகள் இடர் தருவதில்லை. சூழல் அவற்றை விலக்கிவிடும். இடர் தருவது அதன் இன்றைய உறவுக்கூட்டம். அதிகாரி, அதிகாரபூர்வம், அதிகார வரம்பு என அச்சொல்லைச் சுற்றி அலுவலகத்தின் வாடை வீசுகிறது. 1990-களில் மிஷேல் ஃபூக்கோவின் சிந்தனைகள் தமிழ்ச் சிற்றிதழ்களில் விவாதிக்கப்பட்டபோது, அவருடைய ‘பூவ்வார்’ ஆங்கிலப் ‘பவர்’ வழியாக ‘அதிகாரம்’ ஆயிற்று. பிரெஞ்சில் அது ‘இயலுதல்’ என்னும் வினையே பெயராகி நிற்பது. ஒருவர் கையில் இருந்து மற்றவர்மேல் செலுத்தப்படும் பொருளாக அதனைக் காண்பதை ஃபூக்கோ மறுத்தார். உறவுகளுக்குள் எங்கும் இயங்குவதாகவே கண்டார். ‘அதிகாரம்’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவதோ நாற்காலியில் அமர்ந்த ஓர் ஆள். மறுக்கப்பட்ட கருத்தே நிகரனின் வழியாகத் திரும்ப வந்துவிட்டது. அக்காலத்து விவாதங்கள் சில, ‘யாருடைய அதிகாரம்’ என்னும் வினாவிலேயே சுழன்றதற்கு இச்சொல்லுக்கும் பங்குண்டு என்று கருத இடமுள்ளது. ஜெர்மன் ‘மாஹ்ட்’டில் அலுவலகத்தின் நெடி அத்துணை இல்லை, அங்கே அச்சொல் இயற்கைக்கும் விதிக்கும் வழக்கத்திற்கும்கூடப் பொருந்தும்.

சட்டத் தமிழிலும் இரு மரபுகள் உள்ளன. ஆங்கிலச் சட்டங்களில் ‘பவர்’ பன்மையில் வரும்போது, ஒரு பதவிக்குரிய தனித்தனி உரிமைகளை அது குறிக்கும். ஜெர்மனில் அவை ‘பெஃபூக்னிஸ்’ என்பதன் பன்மை. ‘மாஹ்ட்’டின் பன்மையோ வல்லரசுகளைக் குறிக்கும். எண் மாறினால் சொல்லே மாறுகிறது. தமிழ்நாட்டில் ‘அதிகாரங்கள்’ எனல் வழக்கு. இலங்கையிலும் அரசியல் பேச்சில் அவ்வாறே. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தை அடுத்துக் காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்பவை அன்றாடச் சொற்களாயின. ஆனால் இலங்கைச் சட்ட வாசகத்தில் அவை ‘தத்துவங்கள்’. தத்துவங்களும் கடமைகளும் பணிகளும் என்பது அங்கே வாய்பாடு போன்றது. ‘பவர் ஆஃப் அட்டர்னி’ அங்கே ‘அற்றோணித் தத்துவம்’.

தமிழ்நாட்டு வாசகர்க்கு இது மெய்யியல் பிரிவொன்றின் பெயராகத் தோன்றும். 1980-களிலிருந்து ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதிகளிலும் குடியேறிய ஈழத்தமிழர் பலர். அவர்களுடைய குடும்பக் காணிகள் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளன. அக்காணிகளை விற்கவோ மீட்கவோ ஊரிலுள்ள உறவினருக்கு எழுதித்தரும் ஆவணம் இதுவே. தமிழ்நாட்டு அகராதிகளை மட்டுமே அறிந்த ஒருவர், அல்லது அவ்வகராதிகளால் பயிற்றப்பட்ட ஒரு கணினி நிரல், ‘தத்துவம்’ என்பதை ஜெர்மனில் மெய்யியல் என்று ஆக்குமாயின் அந்த ஆவணம் செல்லாக்காசாகும். ஆங்கிலம் வழியாகச் சென்று ‘பவர்’ என்பதை ‘மாஹ்ட்’ என்று பெயர்த்தாலும் பயனில்லை. அங்கே வேண்டப்படும் சொல் ‘ஃபோல்மாஹ்ட்’ ஒன்றே. நிரப்பப்பட்ட அதிகாரம் என அதன் உறுப்புகள் பொருள்தந்தாலும், அது அதிகாரமாகவும் அதனைத் தரும் ஆவணமாகவும் ஒருங்கே நிற்பது.

தொகுதிகள் செய்ய வேண்டுவது

1957-இல் முதற்பதிப்பு வந்த தமிழ்நாட்டு அரசின் ஆட்சிச் சொல்லகராதி முதலாக, நம் இருமொழித் தொகுதிகளின் அடிப்படை அமைப்பு ஒன்றே: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். அலுவலகத்திற்குத் தமிழ் புகுந்த நாளில் அது இன்றியமையாத பணியைச் செய்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். ‘பவர்’ போன்ற சொற்களிடத்தே அவ்வமைப்பு உடைந்துபோகிறது. வலப்பக்கத்தில் திறன், ஆற்றல், வலு, அதிகாரம், அடுக்கு என ஐந்தை அடுக்கினால், பயனருக்குத் தேவையான ஒன்றைத் தவிர மற்றெல்லாம் தரப்பட்டதாகும். எப்போது எது என்பதே அத்தேவை. துறைப்பெயரை அடைப்பிலிட்டால் பாதி தீரும், முழுதும் தீராது. மின்பொறியியல் என்னும் ஒரு துறைக்குள்ளேயே ‘பவர்’ திறனாகவும், ‘பவர் சப்ளை’ மின்வழங்கலாகவும், ‘பவர் ஸ்டேஷன்’ மின்நிலையமாகவும் பிரிகின்றன. பிரிவை ஆள்வது துறையன்று, உடன்வரும் சொல்.

எனவே பதிவின் தலைப்பாக நிற்க வேண்டுவது தனிச்சொல்லன்று, தொடர். ‘பவர்’ என்பதன்கீழ், ‘குதிரை’ முன்வரின் இது, ‘நிலையம்’ பின்வரின் இது, பன்மையாகிச் சட்டத்தில் வரின் இது, வினைக்கு முன் ‘ஆட்சியில்’ என்னும் பொருளில் வரின் இது என இணைவுகள் வரிசைப்பட வேண்டும். ஒவ்வொன்றிற்கும் தமிழ்நாடு, இலங்கை என்னும் இரு மரபும் குறிக்கப்பட வேண்டும். நிகரன் இல்லாத இடம் அவ்வாறே காட்டப்பட வேண்டும். 2008-இல் தொடங்கப்பெற்று மைசூருவின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைக் களமாகக் கொண்டு நடைபெற்றுவரும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம், பல துறைப் பாடநூல்களைப் பல இந்திய மொழிகளில் ஒருங்கே கொண்டுவர முயல்வது. ஒரே ஆங்கிலச் சொல் இயற்பியல் நூலிலும் அரசியல் நூலிலும் சமூகவியல் நூலிலும் வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர் கைகளில் சிக்குவதை அருகருகே வைத்துக் காணும் வாய்ப்பு அத்தகைய இடத்தில் உள்ளதுபோல் பிறிதோரிடத்தில் இராது.

சொற்றேர்வு சார்புநிலையைக் காட்டிக்கொடுக்கும் இடங்களையும் அத்தகைய பதிவு விலக்கலாகாது. ஜெர்மனியில் அணுவுலைகளை எதிர்த்தோர் ‘அணு’ என்னும் முன்னொட்டோடு ‘ஆடோம்கிராஃப்ட்’ என்றே முழங்கினர். தொழில்துறையினர் ‘கரு’ என்னும் பொருள்தரும் ‘கெர்ன்எனெர்கீ’யை விரும்பினர். ஒன்றில் குண்டின் நினைவு உண்டு. மற்றதில் ஆய்வுக்கூடத்தின் தூய்மை உண்டு. 2023 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டின் கடைசி மூன்று உலைகளும் நிறுத்தப்பட்டதை எழுதிய செய்தியாளர்க்கும் இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தேரும் கட்டாயம் இருந்தது. கூடங்குளத்தைப் பற்றி எழுதும் தமிழர் அணுமின் நிலையம் என்றோ அணுவுலை என்றோ எழுதுகையில் அதே தேர்வைத்தான் செய்கின்றனர். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர், ‘நியூக்ளியர் பவர்’ என்னும் தொடரில் இல்லாத ஒரு நிலைப்பாட்டைத் தமிழில் எடுத்தே ஆகவேண்டியவராகிறார். அணுவாயுதம் உடைய நாட்டையும் அதே ஆங்கிலத் தொடர் குறிக்கும் என்பது கூடுதல் இடர். ஆங்கே தமிழ் அணுவாயுத வல்லரசு என்றும், ஜெர்மன் ‘ஆடோம்மாஹ்ட்’ என்றும் பிரிந்துவிடுகின்றன.

கற்றோர் நிகரன் தேடிக்கொண்டிருக்கையில் பேச்சுவழக்கு மூலச்சொல்லையே உள்ளிழுத்துக்கொள்வதும் உண்டு. ஜெர்மனில் ‘பவர்’ கடன்சொல்லாகப் புகுந்து பேச்சில் ஊக்கம், விறுவிறுப்பு என்னும் பொருள்களைப் பெற்றது. இயற்பியலும் சட்டமும் அதனை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. தமிழ்ப் பேச்சில் அது புகுந்த இடங்கள் வேறு. கண்ணாடிக் கடையில் கேட்கப்படுவது பவர். மின்வெட்டு பவர் கட். பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாயிலில் ஒருவர் தம் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்தார் என்றால், அவர் தம்பிக்கு வலிமையோ பதவியோ தரவில்லை. தம் நிலத்தை விற்கும் உரிமையைத் தந்திருக்கிறார். இவ்வாக்கியத்தை ஆங்கிலமாக்குபவர் ‘பவர்’ என்று மட்டும் எழுதி நிறுத்த இயலாது. ‘ஆஃப் அட்டர்னி’ என்பதைச் சேர்த்தே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் துணையின்றி நிற்காத பொருள் தமிழில் தனித்து நிற்கிறது. ஜெர்மனாக்குபவர்க்கு ஆங்கிலத்தின் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. ‘ஃபோல்மாஹ்ட்’ அங்கே ஆயத்தமாக இருக்கிறது.